மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்

பிள்ளையார்பட்டி
10 ஜூன் 2024

அன்பு மருமகள் ரேணுகாவுக்கு மாமன் கருத்தையா எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று கோயம்புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஆனாலும் சொன்னார்கள்.

என் நம்பரை நீ போனில் அடைத்துவிட்டு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. அடைத்தால் என்ன? தபால்காரர் நம் கடையில் தேங்காய் வாங்குகிறவர், அவரை யாரும் அடைக்க முடியாது. எட்டாம் வகுப்புவரை கட்டுரையில் நான்தான் முதல். ஒன்பதாவதில் என் பதிலைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வாத்தியாருக்குப் படிப்பு போதவில்லை, அதனால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

கடை அமோகம். கற்பக விநாயகரைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் என் அருகம்புல் மாலையைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். டீக்கடை முத்துக்கருப்பன் சொன்னான், அவன் பொய் சொல்ல மாட்டான். பிள்ளை வேண்டி வருகிற ஜோடிகளுக்கு எந்தக் கிழமை எந்தப் பழம் சாப்பிட வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்புகிறேன். இதுவரை நாற்பத்தேழு பிள்ளைகள் என் கணக்கில்.

இத்துடன் ஒரு டப்பா லேகியம் வருகிறது. சாக்கோட்டைப் பக்கத்து வைத்தியர் எனக்காக மட்டும் கிண்டியது. காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. மாப்பிள்ளைக்கு வேண்டாம், அவர் ஆண்பிள்ளை. உனக்கு மட்டும்.

அந்த ப்ளெக்ஸ் போர்டு விஷயம். அதில் என் படம்தானே இருந்தது? உன் பேரைக்கூடப் போடவில்லையே ஆத்தா.

உனக்குக் காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் கட்டைவிரலைக் கடித்தாய். தழும்பு இருக்கிறது. உனக்கு அண்ணன் தம்பி இல்லை, உன் பிள்ளைக்கும் இந்த மடிதான். எத்தனை வருஷம் காலியாக வைத்திருப்பேன், சொல்லு.

இப்படிக்கு
கருத்தையா (பலருக்கும் ஆலோசகர்)


கோயம்புத்தூர்
18 ஜூன் 2024

மாமாவுக்கு,

லேகியத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று டப்பாவில் இல்லை. என்னவென்று தெரியாத எதையும் சாப்பிடக் கூடாது என்கிறார் டாக்டர்.

நம்பரைத் திறக்க மாட்டேன். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். 'என்ன தாயி, இந்த மாசமும் குளிச்சிட்டியா' என்று டீக்கடையே சேர்ந்து கேட்கும். கடிதம் பரவாயில்லை. அதற்கு ஸ்பீக்கர் கிடையாது.

போர்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது வாரத்தில் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அம்மா இல்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எட்டாவது வாரத்தில் கரு போய்விட்டது. பத்து நாள் கழித்து, தாய்வீடு என்று நினைத்துக்கொண்டு உங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரில் நீங்கள் பத்தடி உயரத்தில், வெள்ளைச் சட்டையில், கைகூப்பி நிற்கிறீர்கள். 'தாத்தாவாகப் பதவியேற்கும் அண்ணன் கருத்தையாவை வாழ்த்துகிறோம்.' வீட்டுக்குக்கூட வராமல் அதே பஸ்ஸில் ஏறித் திரும்பினேன்.

கண் பட்டுவிட்டது என்றார் மாமியார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆரம்ப வாரங்களில் கலைகிறவை பெரும்பாலும் உருவாகும்போதே சரியாக அமையாதவையாம். நான் பஸ்ஸில் போனதாலும் இல்லை, குடம் தூக்கியதாலும் இல்லை. உங்கள் போர்டாலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான்.

அதற்குப் பிறகு பதினாறு மாதம், ஒன்றும் இல்லை. எனக்குச் செய்த சோதனைகள் எல்லாம் சரி. முட்டை வெளியான பிறகு ஒரு நாள்தான் உயிரோடு இருக்குமாம். ஆணின் அணு உள்ளே ஐந்து நாள்வரை காத்திருக்குமாம். ஆக முட்டை வெளியாகிற நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், மாதத்தில் ஆறே நாள். காலண்டரில் அதற்கு வட்டம் போடுகிறேன். மற்ற நாளெல்லாம் எண்ணுகிறேன்.

டாக்டர் கேட்பது உங்கள் மாப்பிள்ளையின் சோதனை ஒன்றைத்தான். ஒரு சின்ன டப்பாவில் விந்து கொடுக்க வேண்டும், ஊசிகூடக் கிடையாது. அவர் மாட்டேன் என்கிறார். "ஒருதரம் தங்குச்சுல்ல? அப்ப எனக்கு என்ன கொறை?" என்கிறார். தங்கியதற்குப் பிறகுதான் அவரை வார்ப்படக் கம்பெனியில் உலைப் பக்கம் மாற்றினார்கள். தினமும் எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் நிற்கிறார். வாயில் புகையிலை வேறு. நான் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறவள். தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டாரையும் பார்ப்போம், குழாயையும் பார்ப்போம். குழாயை மட்டும் பத்துத் தரம் கழற்ற மாட்டோம்.

அவர் மதிக்கிற ஆம்பளை நீங்கள் ஒருவர்தான். சிராவயல் மஞ்சுவிரட்டில் நீங்கள் காளையை அடக்கிய கதையை இன்னும் நம்புகிறார். இந்தச் சோதனையில் கேவலம் ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதினால் போவார். எனக்கு முப்பத்துமூன்று முடியப்போகிறது மாமா.

ரேணுகா


பிள்ளையார்பட்டி
25 ஜூன் 2024

ஆத்தா ரேணு,

இதற்கா இவ்வளவு யோசனை! இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை சிவபிரகாஷ் கையிலேயே கொடு.

மாப்பிள்ளை, அந்தச் சோதனையை 1998இலேயே மதுரையில் செய்துகொண்டவன் நான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கருத்தையா, இது எண்ணி முடியாதுய்யா, மெஷினே நின்னு போச்சு" என்றார். நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் என் பேரை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. சிங்கம் எங்காவது எடை பார்க்கக் கூச்சப்படுமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போங்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லாதது வேறு கதை. உங்கள் அத்தை காளியாயிக்குக் கருப்பை சூடு, ஊருக்கே தெரியும். அதற்காக நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்படிக்கு
மெஷினை நிறுத்தியவன்


கோயம்புத்தூர்
4 ஜூலை 2024

மாமாவுக்கு,

கடிதத்தை அவரே இரண்டு தரம் படித்தார். சிரித்தார். அப்புறம் சொன்னார்:

"பாத்தியா, மாமாவுக்கு ஒரு கொறையும் இல்ல. அப்பயும் பிள்ளை இல்ல. அத்தைய ஒரு வார்த்தை சொல்லாம வச்சு வாழலையா அவுக? நானும் அப்படி இருந்துட்டுப் போறேன். இனிமே ஆஸ்பத்திரி வேணாம்."

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வாங்கியிருந்த நேரத்தையும் ரத்து செய்துவிட்டார். கோபமாகச் செய்யவில்லை, அன்பாகத்தான் செய்தார். நான் செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்துவிட்டார் மாமா. வீட்டில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், நோயாளியிடம் பேசுவதுபோல.

ஒன்று கேட்கிறேன். எட்டு வயதில் பள்ளி விடுமுறைக்கு உங்கள் வீட்டில் இருந்தேன். அத்தை தினமும் வேப்பங்கொழுந்தை அரைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். எனக்கும் வேண்டும் என்று அழுதேன். "இது உனக்கில்ல தாயி, சூட்டுக்கு" என்றார். அந்தச் சூட்டை அளந்தது யார்? அத்தையை எந்த டாக்டரிடமாவது கூட்டிப்போனீர்களா? மெஷின் நின்றது உண்மையா?

பதில் வரவில்லை என்றால் இனிக் கடிதமும் வேண்டாம்.

ரேணுகா


பிள்ளையார்பட்டி
29 ஜூலை 2024

ரேணு,

இந்தக் கடிதத்தை ஏழு தரம் எழுதினேன். ஆறைக் கிழித்துவிட்டேன். ஆறிலும் அந்த மெஷின் ஏதாவது செய்துகொண்டே இருந்தது.

மதுரைக்குப் போனது நிஜம். டாக்டர் சின்ன வயசுக்காரர், கண்ணாடி போடவில்லை. நர்சு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருக்குங்க. இதுவே முடிவில்ல. மாத்திரை தர்றேன், பீடியை விடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, இன்னொருதரம் பாப்போம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காகிதத்தை எட்டாக மடித்து, கிழித்து, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சாக்கடையில் போட்டேன். மாத்திரைச் சீட்டும் அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா இருந்தாள், தெருக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். "என்ன சொன்னாக?" என்று காளியாயி கேட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் கருப்பை சூடாம்" என்றேன்.

நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். அலங்காரமே கிடையாது. அதனால்தான் எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவளும் நம்பினாள். "அப்படியா" என்றாள். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள்.

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இருபத்தாறு வருஷம் ஆகிறது, எனக்கு அந்த மூன்று மாதம் இன்னும் கழியவில்லை. போயிருந்தால் சரியாகியிருக்குமோ, ஆகாமலே போயிருக்குமோ தெரியாது. தெரியாது என்பதுதான் பெரிய பாரமாக இருக்கிறது.

நாற்பத்தேழு பிள்ளைகள் என் கணக்கில் என்று எழுதினேன். அவை என் யோசனையில் பிறந்தவை இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் காளியாயி "கொஞ்சம் தாங்க" என்று கேட்டு, இடுப்பில் வைத்து, முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்த பிள்ளைகள். போன வருஷம் மட்டும். புல்லைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டு நான் எண்ணினேன்.

மாப்பிள்ளை, நீங்களும் படியுங்கள். சிராவயலில் நான் காளையைப் பிடிக்கவில்லை. காளைதான் என்னைப் பிடித்து வாய்க்காலில் போட்டது. என்னைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். நான் செய்யாததைச் செய்யுங்கள்.

இன்று காலையில் காளியாயியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு வலையபட்டியில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கருத்தையா


கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் படித்தபோது நான் சமையலறையில் நின்றேன். மறுநாள் காலையில் "எந்த லேபு?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் சொன்னபடி மூன்று நாள் விலகி இருந்துவிட்டுப் போய்க் கொடுத்தார். எண்ணிக்கை குறைவு, ஓட்டமும் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. உலைச் சூடும் புகையிலையும் காரணமாக இருக்கலாம், இரண்டையும் விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். புதிதாக உருவாகி வருவதற்கு இரண்டரை, மூன்று மாதம் பிடிக்குமாம். அதனால், "மூணு மாசம் கழிச்சு வாங்க."

அதைக் கேட்டதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து வண்டியை எடுக்காமல் வெகுநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "மாமா பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னிருப்பாகள்ல?" என்றார்.

கம்பெனியில் கேட்டு சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாறிவிட்டார். புகையிலையை விட்டதில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், பரவாயில்லை. நவம்பர் பதினைந்துக்குக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் அதில் வட்டம் போட்டவள் நான் ஒருத்திதான்.

நான் இப்போதே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கிவிட்டேன். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும், தாய்க்குத் தெரிவதற்கு முன்னாலேயே உருவாகத் தொடங்கிவிடுமாம். தெரிந்த பிறகு தொடங்கினால் தாமதமாம். இன்னும் வராத ஆளுக்காக தினமும் ஒன்று விழுங்குகிறேன்.

அத்தை வந்தாரா?

ரேணுகா


பிள்ளையார்பட்டி
14 செப்டம்பர் 2024

ஆத்தா ரேணு,

வந்துவிட்டாள். சதுர்த்திக்கு முந்தின வாரம். எனக்காக இல்லை, கடைக்காக. கூட்டம் சமாளிக்க முடியாதென்று தெரியும் அவளுக்கு.

என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டியதைத் தேங்காயிடம் பேசுகிறாள். "சில்லறை மாத்தி வைக்காமப் போயிட்டாக பாரு" என்று தேங்காயிடம் சொல்கிறாள். நான் போய் மாற்றி வருகிறேன். சோறு போடுகிறாள். பசியில்லை என்று நான் சொன்னால் குழம்புச் சட்டி 'சாப்பிடட்டும்' என்கிற மாதிரி சத்தம் போடுகிறது.

எங்கள் வீட்டில் பேசுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிகிறது. நான் எந்தக் கதையை எடுத்தாலும் அவள் எங்கிருந்தாவது 'ம்' போடுவாள். அரிசி களைந்துகொண்டே 'ம்'. அந்த 'ம்' இல்லாமல் ஒரு கதையும் இரண்டாவது வரிக்குப் போகவில்லை. முத்துக்கருப்பனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் 'சரிண்ணே' என்கிறான். அது வேறு.

நீயும் மாப்பிள்ளையும் மூன்று மாதம் காத்திருக்கிறீர்கள். நானும் இங்கே அதே மூன்று மாதத்தில்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

கருத்தையா


கோயம்புத்தூர்
18 ஜனவரி 2025

மாமா,

இரண்டு கோடு.

நவம்பரில் எண்ணிக்கை ஏறியிருந்தது. அப்புறம் இவர் வேலையாக குஜராத் போய், டிசம்பர் இருபத்துநாலாம் தேதிதான் வந்தார். இன்றைக்கு ஐந்து வாரம் என்கிறார் டாக்டர்.

போன தரம் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். இன்றைக்குச் சோதித்துப் பார்த்த கையோடு பேனாவைத் தேடினேன். என்ன செய்வது, எனக்கு வேறு தாய்வீடு இல்லை.

அத்தைக்கு மட்டும் சொல்லுங்கள். பன்னிரண்டாவது வார ஸ்கேன் முடிகிறவரை வேறு ஒருவருக்கும் வேண்டாம். முத்துக்கருப்பனுக்கு வேண்டாம். பிள்ளையாருக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், மெதுவாக.

ரேணு


பிள்ளையார்பட்டி
24 ஜனவரி 2025

என் தாயி,

காளியாயியிடம் சொன்னேன். புல் கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். அந்த போர்டு கொட்டகையில் தேங்காய்க் குவியலை மூடிக் கிடந்தது, என் முகம் உள்பக்கம். அதை உருவி அரிவாளால் குறுக்கே கிழித்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது நான் எட்டுத் துண்டு. பேசவில்லை. ஆனால் திரும்பிக் கடைக்கு நடக்கும்போது நான் கூட வருகிற அளவுக்கு மெதுவாக நடந்தாள்.

ஒரு சந்தேகம். நீ எழுதிய அன்றைக்கு மாப்பிள்ளை வந்து மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. டாக்டர் ஐந்து வாரம் என்கிறாரே? கணக்கில் நான் எட்டாவதில் முதல். டாக்டர் கொஞ்சம் வீக்கோ?

யாருக்கும் சொல்லவில்லை. வாய்க்குள் பாக்கைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். முத்துக்கருப்பன் "அண்ணனுக்குப் பல்வலியா?" என்கிறான். தலையை ஆட்டுகிறேன்.

கருத்தையா


கோயம்புத்தூர்
3 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

டாக்டர் வீக் இல்லை. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கரு எந்த நாள் உருவானது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது, இந்த நாள் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் பிள்ளையே இல்லாத வாரங்கள். காத்திருந்ததையும் சேர்த்தே எண்ணுகிறார்கள் மாமா.

முந்தாநாள் ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பைக் காட்டினார்கள். அரிசி மணி அளவுக்கு ஏதோ ஒன்று மினுக் மினுக் என்கிறது. இவர் திரையைப் பார்க்காமல் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாந்திதான் கொல்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தரம் பாத்ரூம் போய் வரும்போதும், இன்றைக்கும் ஒன்றும் இல்லை என்று மூச்சு விடுகிறேன். ரத்தம் பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாவது வாரம் வருகிறது. அதைத் தாண்ட வேண்டும்.

ரேணு


கோயம்புத்தூர்
9 மார்ச் 2025

மாமா,

தாண்டிவிட்டேன். நேற்று பன்னிரண்டாவது வார ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையைக்கூட ஆட்டியது.

இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். போர்டு மட்டும் வேண்டாம். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நடந்ததைக் கடிதத்தில் எழுதுங்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

காது குத்த மடி வேண்டும். தயாராக வைத்திருங்கள்.

ரேணு


பிள்ளையார்பட்டி
13 மார்ச் 2025

அன்பு மருமகள் ரேணுகாவுக்கு,

காத்திருந்ததையும் சேர்த்து எண்ணுவார்கள் என்று எழுதினாயே, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் காளியாயிக்கு இருபத்தாறு வருஷம்.

உன் கடிதம் வந்ததும் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு நேராகக் கடை முன்னால் போய் நின்றேன். முத்துக்கருப்பன் இருந்தான், பூக்கார உமையாள் ஆச்சி இருந்தார், டீ குடிக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். காளியாயி தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் கேளுங்க" என்றேன். என் குரல் உனக்குத் தெரியும், கோயில் வாசல்வரை கேட்கும். எல்லோரும் திரும்பினார்கள்.

சத்தியமாக உன் சேதியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் ஆத்தா. வந்தது வேறு.

"எங்களுக்குப் பிள்ளை இல்லாததுக்கு இவ காரணமில்ல. மதுரையில பாத்தாக. கொறை என்கிட்டத்தான். மருந்து தந்து திரும்ப வரச் சொன்னாக. நான் போகல. இவ மேல பழியைப் போட்டுட்டு இருபத்தாறு வருஷமா இங்கன உக்காந்து கதை அளந்துக்கிட்டு இருக்கேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்புறம் முத்துக்கருப்பன் சிரித்துவிட்டான். "அண்ணே, இன்னைக்கு ரொம்பத்தான் அளக்கிறீக. போங்கண்ணே." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை ரேணு! வாழ்க்கையில் ஒரே ஒரு நிஜத்தைக் கொண்டுபோய் நடுத்தெருவில் வைக்கிறேன், ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அம்மா மேல சத்தியம் என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

அப்போது தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து, "நெசந்தான்" என்று ஒரு குரல்.

காளியாயி எழுந்து நின்றிருந்தாள். தேங்காயிடம் சொல்லவில்லை. எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு நின்றுபோனது. உமையாள் ஆச்சி பூக்கூடையை இறக்கி வைத்தார். இருபத்தாறு வருஷமாக ஆடிக்கு ஆடி என் பெண்டாட்டிக்குப் புதுப்புது மருந்து சொல்லிவந்தவர் அவர். எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவும் சரிதான்.

உன் சேதி அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை, அவளைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்தது. "ரேணு முழுகாம இருக்கா. மூணு மாசம்" என்றாள். ஒரு அலங்காரமும் இல்லாமல். அதை எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

மடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் மடி கொஞ்சம் எலும்பாகிவிட்டது, ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன். குத்துகிற வரைக்கும்தான் என் மடி. குத்தினதும் பிள்ளையைத் தூக்குவது உன் அத்தை. இந்தத் தரம் திருப்பித் தரக் கொஞ்சம் நேரமாகும், மாப்பிள்ளையிடம் சொல்லி வை.

சாயங்காலம் வீட்டில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சும்மா ஒரு பேச்சுக்கு, "முத்துக்கருப்பன் மூஞ்சியப் பாத்தியா, டீயில சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டான்" என்று ஆரம்பித்தேன். உப்பெல்லாம் போடவில்லை. நான் சேர்த்தது.

"ம்" என்றாள்.

இப்படிக்கு
கருத்தையா